தூணுக்கு அடியால் போன கயிறு

இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பத்மநாதன் குடும்பம். இரண்டாம் மாடியில் நான். அவர்களுடைய மகள் அபிதா ஒரு சுழியோடி. இதை முதலிலேயே விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பலெர்மோவில் இருக்கிற தமிழர்களில் பாதிப் பேர் அவள் கடலில் முத்தெடுக்கிறாள் என்றும், மீதிப் பேர் கடற்படையில் இருக்கிறாள் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் இல்லை. துறைமுகத்தில் கட்டியிருக்கும் கப்பல்களின் அடியைப் பார்ப்பது, விசிறியில் சுற்றிய கயிற்றை வெட்டி எடுப்பது, சங்கிலி தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, அலைதடுப்புச் சுவரின் காலடியில் மண் போய்விட்டதா என்று சொல்வது, இவைதான் அவள் வேலை. இந்த நகரத்தில் அந்த வேலைக்குப் போகிற தமிழ்ப்பெண் அவள் ஒருத்திதான். எங்களுக்கு அது எப்போதும் பெருமை. ஆனால் எவ்வளவு பெருமைப்பட வேண்டும் என்பது போன கோடையில்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

பத்மநாதன் கபோ சந்தையில் ஒரு மீன்கடையில் நிற்கிறார். இருட்டோடு எழும்பிப் போய், ஐஸை உடைத்துத் தட்டில் பரப்பி, அதன்மேல் மீனை அடுக்குவது அவர் வேலை. அவருடைய மனைவி இராசேஸ்வரி பொலித்தேயாமா பக்கத்தில் ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அபிதா இங்கேயே பிறந்தவள். கோடை விடுமுறையில் தெருப்பிள்ளைகளோடு அரெனெல்லாப் பாறைகளுக்குப் போய்க் கடலில் குதித்துக் குதித்து, முதுகு கறுத்துத் தோல் உரிந்து வீட்டுக்கு வருவாள். தாய் எண்ணெய் பூசிக்கொண்டே ஏசுவார். பள்ளிக்கூடம் தெரிவு செய்கிற வயதில் அவள் போனது கப்பல் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கு. படிப்பு முடிந்ததும் துறைமுகத்தில் நீருக்கடி வேலைகள் செய்கிற ஒரு சின்னக் கம்பனியில் கந்தோர் வேலை கிடைத்தது. சுழியோடிகள் ஈரம் சொட்டச் சொட்ட வந்து, கீழே கண்டதைச் சொல்வார்கள். இவள் அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, மற்றவர்கள் கண்டதை எழுதி அலுத்துவிட்டது, இனி நானே போய்ப் பார்க்கப்போகிறேன் என்றாள். வடக்கே ஒரு நகரத்தில் அதற்கான பயிற்சிக்கு இடமும் கேட்டுவிட்டிருந்தாள்.

பத்மநாதனுக்கு அது பிடிக்கவில்லை. "இந்த மண்ணிலை கால் வைக்கிறதுக்கு நானும் கொம்மாவும் விசாவுக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலிலை எத்தினை விடியல் நிண்டிருப்பம். நீ இப்ப தண்ணிக்குக் கீழை போறன் எண்டுறாய்" என்றார்.

இராசேஸ்வரி ஒன்றுதான் கேட்டார். "மேலை ஆர் கயிறு பிடிக்கிறது?"

அபிதா விளக்கினாள். சுழியோடி தனியாகப் போவதில்லை. காற்றுக்குழாய், டெலிபோன் வயர், கயிறு மூன்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு தடித்த வடம் இருக்கும். மேலே ஓர் ஆள் அதைக் கையை விட்டு விடாமல் பிடித்திருப்பார். கம்பனியில் அந்த ஆள் கலோஜெரோ. அப்படியானால் அந்த மனுசனை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா என்று தாய் சொல்லிவிட்டார். கலோஜெரோ வந்தார். ஐம்பது வயதை எட்டிய, தோள் அகன்ற பலெர்மோக்காரர். பிட்டும் மீன் குழம்பும் வேர்க்க விறுவிறுக்கச் சாப்பிட்டார். இராசேஸ்வரி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, சாப்பாடு முடியுமட்டும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு தேய்த்துத் தோல் தடித்துப்போன கைகள். அவர் போனபிறகு, "சரி, போய்ப் படி" என்றார்.

துறைமுகத்துத் தண்ணீருக்குள் இறங்கினால் ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. சேறு கலங்கினால் அதுவும் இல்லை. கண்ணை நம்பி அந்த வேலை செய்ய முடியாது என்று அபிதா சொல்வாள். சுவரைத் தடவி, அடியைத் தடவி, மண் இறுகிக் கிடக்கிறதா, அண்மையில் வந்து நிரம்பிய பொருபொருத்த மண்ணா என்று கையால் அறிய வேண்டும். அதில் அவள் தேர்ந்துவிட்டாள். சிசிலியின் மேற்குக் கரையில் சின்னச் சின்ன மீன்பிடித் துறைகளில், சுவரின் காலடி அரிபட்டுப் போன இடங்களை அவள் சொன்ன பிறகு தோண்டிப் பார்த்து, சொன்னது சொன்னபடியே இருந்ததாக என்ஜினியர்மார் கதைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

அந்தக் கதை பல்கலைக்கழகத்தில் ரேஷ்மாவின் காதுக்கும் போனது. ரேஷ்மா திருச்சிக்காரி. ஆறுகள் பாலத்தூண்களின் அடிமண்ணை எப்படி அரிக்கின்றன என்பது அவளுடைய ஆராய்ச்சி. தண்ணீருக்கு அடியில் தூணோடு பொருத்தும் ஒரு கருவி பற்றிக் கேட்கக் கம்பனிக்குப் போன் பண்ணினாள். கம்பனியில் எல்லோரும் அபிதாவை அபி என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் ரேஷ்மா அவளை ஏதோ ஸ்பானியப் பெண் என்று நினைத்தாள். அபிதா ரேஷ்மாவை வங்காளி என்று நினைத்தாள். இருவரும் இத்தாலிய மொழியிலேயே பல தடவை கதைத்தார்கள். கடைசியில் ஒரு நாள் அபிதா ஆய்வுகூடத்துக்குப் போனாள். கருவியை எடுத்துக் காட்டும்போது ரேஷ்மாவின் கையில் இருந்த சின்னத் திருகாணி, மணல் நிரம்பிய தொட்டிக்குள் நழுவி விழுந்தது.

"ஐயோ, போச்சு" என்றாள் ரேஷ்மா, தனக்குத்தானே.

அபிதா சட்டைக் கையை மடித்துவிட்டு மணலுக்குள் கையை விட்டுத் துழாவி, ஆணியை எடுத்து நீட்டி, "இந்தாங்கோ" என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க தமிழா?"

"ஓம்."

அதற்குப் பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்களாம்.

அன்று ரேஷ்மா அவளுக்கு ஒன்றைக் காட்டினாள். அபிதா எனக்கு அதைத் தேத்தண்ணிக் கோப்பையும் கரண்டியும் வைத்து விளங்கப்படுத்தியதால் நானும் சொல்ல முடியும். ஆய்வுகூடத்தில் ஒரு பஸ் நீளத்துக்குக் கண்ணாடிக் கால்வாய். அடியில் மணல். நடுவில் தூணுக்குப் பதில் ஒரு குழாய். தண்ணீரை ஓடவிட்டால் அது குழாயில் மோதி, அதன் முகத்தோடு கீழே இறங்கி, காலடியில் சுழன்று மணலைக் கிளப்புகிறது. ஒரு குழி விழுகிறது. இது எந்த ஆற்றிலும் நடப்பது. பிறகு ரேஷ்மா அடிப்பக்கம் சொரசொரப்பாக்கிய தெர்மோகோல் பலகைகளைத் தண்ணீரின் மேல் மிதக்கவிட்டாள். அதுதான் உறைந்த ஆற்றின் ஐஸ். இப்போது தண்ணீருக்கு மேலேயும் ஒரு கூரை வந்துவிட்டது. கரடுமுரடான கூரையில் உரசி மேல் தண்ணீர் மெதுவாகிறது. வேகமான தண்ணீர் கீழே, மணலுக்குக் கிட்ட தள்ளப்படுகிறது. அதே அளவு தண்ணீர்தான், ஆனால் குழி முன்னையதைவிட ஆழமாகிறது. கண்ணாடிக்கு இப்பால் முழங்காலில் இருந்து அபிதா அதைப் பார்த்தாள். மணல் பருக்கைகள் எழும்பி எழும்பிப் போனதாம். மேலே வெள்ளைப் பலகை அசையாமல் கிடந்ததாம்.

ரேஷ்மா இதையெல்லாம் செய்து பார்த்தது ஒரு பாலத்துக்காக. பின்லாந்தின் வடக்கில், காட்டுக்கு நடுவில் ஓடும் ஓர் ஆற்றில் அந்தப் பழைய பாலம் இருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் அதன் நடுத்தூண் மயிரிழை அளவு இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கோடையிலும் ஆள் இறக்கிப் பார்ப்பார்கள். அடியில் மண் சமதரையாக, ஒரு குறையும் இல்லாமல் கிடக்கும். ரேஷ்மாவின் கணிப்பு இதுதான்: குழி ஐஸுக்குக் கீழே குளிர்காலத்தில் விழுகிறது. வசந்தத்தில் ஐஸ் உருகி வெள்ளம் வரும்போது புது மண் வந்து அதை மூடிவிடுகிறது. கோடையில் பார்ப்பவர்கள் மூடிய குழியைத்தான் பார்க்கிறார்கள். பாலத்துக்குப் பொறுப்பானவர்கள் அதைத் தள்ளிவிடவில்லை. ஐஸில் துளை போட்டுக் கருவி இறக்கிப் பார்த்தார்கள். ஐஸுக்குக் கீழே கூழ்போல் தொங்கிய பனித்தூள் குழப்பியதில் அளவுகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன. தூணின் அத்திவாரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது மேலேயிருந்து தெரியவும் தெரியாது. யாராவது குளிர்காலத்தில் இறங்கிக் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த ஊரில் ஐஸுக்குக் கீழே வேலை செய்து பழகிய ஆர்வோ என்ற சுழியோடி இருந்தார். அவருடன் இன்னொருவர் வேண்டும், மண்ணைக் கையால் வாசிக்கத் தெரிந்தவராகவும் ரேஷ்மாவின் கருவியைப் பொருத்தத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும் என்றபோது, ரேஷ்மா அபிதாவின் பெயரைச் சொன்னாள். கம்பனி ஒரு நிபந்தனை போட்டது: வடத்தைப் பிடிக்கக் கலோஜெரோவும் போவார்.

வீட்டில் செய்தி சொன்ன அன்று பத்மநாதன், "ஐஸைப் பற்றி எனக்குத் தெரியும். எந்த நாளும் அதுக்குள்ளைதான் கை. முதலிலை விரல் நோகும். பிறகு நோகாது. நோகாமல் போற நேரந்தான் கவனம்" என்றார். தடுக்கவில்லை.

பின்லாந்துக்குப் போவதற்கு முன் ஆல்ப்ஸ் மலையில் உறைந்த ஏரி ஒன்றில் அவளுக்குப் பயிற்சி. அங்கேதான் ஒரு பெரிய தடை தெரிந்தது. அந்தக் குளிருக்குப் போடுகிற கையுறை அவ்வளவு தடிப்பு. விரலில் எதுவும் படாது. கையால் வாசிக்கிறவளுக்குக் கையே இல்லாதமாதிரி. முதல் நாள் அழுகை வந்தது என்று என்னிடம் சொன்னாள். மூன்றாம் தடவை இறங்கியபோது முழங்கையாலும் முன்கையாலும் தட்டிப் பார்க்கப் பழகினாள். மரமா, கல்லா, இறுகிய மண்ணா, இளகிய மண்ணா என்று எலும்பில் வருகிற அதிர்வைக் கொண்டு சொல்ல வந்தது.

மார்ச் மாதம் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். எத்தனையோ தடவை தெர்மோகோலில் ஆறு செய்து பார்த்த ரேஷ்மா, உண்மையான உறைந்த ஆற்றை அன்றுதான் முதல் தடவை கண்டாள். கரையில் நின்று காலை வைக்கப் பயந்தாள். அதன்மேல் ஒரு பனிவண்டி போனதைப் பார்த்தபிறகுதான் இறங்கினாள். நடு ஆற்றில் முழங்காலில் இருந்து, பனியைக் கையால் விலக்கி, கீழே தெரிந்த கறுத்த ஐஸைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கலோஜெரோ எத்தனை சட்டை போட்டும் நடுங்கிக்கொண்டு, இந்த நாட்டில் மனிதர் ஏன் குடியிருக்கிறார்கள் என்று எல்லோரிடமும் இத்தாலிய மொழியில் கேட்டுக்கொண்டு திரிந்தார். ஒருவருக்கும் விளங்கவில்லை.

தொடையளவு தடித்த ஐஸைச் சங்கிலி வாளால் அறுத்து, தூணின் இரண்டு பக்கத்திலும், நீரோட்டத்துக்கு மறைவான இடமாகப் பார்த்து, ஆள் இறங்க இரண்டு வாய்கள் திறந்தார்கள். ஆற்றின் மேற்பக்கம் இருந்த அணையில் சில மணி நேரத்துக்குத் தண்ணீரைக் குறைத்துத் தந்தார்கள். பாலத்தில் கனரக வண்டிகளை நிறுத்தி வைத்தார்கள். அபிதா இறங்கினாள்.

தண்ணீர் பால் விடாத வெறும் தேத்தண்ணியின் நிறம் என்றாள். லாம்பு வெளிச்சத்தில் எல்லாமே செம்மண்ணிறம். ஐஸுக்குக் கீழே பனித்தூள் துருவிய தேங்காய்ப்பூப் போல் கட்டி கட்டியாகத் தொங்கியது. தலையால் முட்டினால் கொட்டுப்பட்டு வெளிச்சத்தை மறைத்துவிடும். தூணைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். கோடையில் மண்ணுக்குள் புதைந்து கிடந்ததாகச் சொன்ன அத்திவாரக் கொங்கிரீட் ஒரு மேசைபோல் வெளியே நின்றது. மேசையின் விளிம்பைப் பிடித்து இன்னும் கீழே இறங்கினாள். கால் தரையில் முட்ட வேண்டும். முட்டவில்லை. விளிம்புக்கு அடியில் கையை விட்டாள். தோள்வரை போனது. முன்கையில் ஒரு மரக்குற்றி தட்டியது. அந்தக் காலத்தில் அத்திவாரத்தைத் தாங்க ஆற்றுக்குள் அடித்து இறக்கிய மரம். அதற்கு அப்பால் இன்னொன்று. அவற்றைச் சுற்றி இருக்க வேண்டிய மண் இல்லை. வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

டெலிபோனில் அவள் கலோஜெரோவோடு இத்தாலிய மொழியில்தான் கதைத்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் மட்டும் தமிழ் வந்துவிட்டது. "ரேஷ்மாக்கா, இதுக்குக் கீழை ஒண்டும் இல்லை."

மேலே ரேஷ்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பாலத்துக்குப் பொறுப்பான அம்மையார் ஒருவர் பக்கத்தில் நின்றார். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். ரேஷ்மா சொன்னாள்.

அந்த அம்மையார் அவசரப்படுகிறவர் அல்ல. அபிதா மேலே வந்து கூடாரத்துக்குள் சூடேறும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் கேட்டார். ஓரத்தில் குழி விழுந்திருப்பதை நம்புகிறேன் என்றார். ஓரம் மட்டும் அரிபட்டிருந்தால் வண்டிகளின் பாரத்தைக் குறைத்துக் கோடைவரை ஓட்டலாம். அடி முழுவதும் போயிருந்தால் இந்த நிமிடமே மூட வேண்டும். மூடினால் அக்கரைக் கிராமங்களில் இருக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு வெகுதூரம் சுற்றிப் போக வேண்டும். ஆகவே எனக்குச் சந்தேகம் இருக்கக்கூடாது என்றார். அபிதாவின் தலைக்கவசத்தில் இருந்த கமராவில் தேங்காய்ப்பூவும் தேத்தண்ணி நிறமும்தான் விழுந்திருந்தன.

அபிதா யோசித்தாள். பிறகு ரேஷ்மாவிடம், "பாவாடைக்கு நாடா கோர்க்கிறமாதிரிச் செய்வமே?" என்று கேட்டாள்.

ரேஷ்மாவுக்கு ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது. மற்றவர்களுக்கு எப்படி விளக்குவது? தன்னுடைய குளிர்ச்சட்டைத் தொப்பியில் ஓடிய கயிற்றை உருவி எடுத்து, அதன் நுனியில் ஓர் ஊசியைக் குத்தி, தொப்பி ஓரத்தின் ஒரு துளையால் விட்டு மறு துளையால் எடுத்துக் காட்டினாள். துணி மடிப்புக்குள் வழி இருந்தால்தான் நாடா மறுபக்கம் வரும். அத்திவாரத்துக்கு அடியிலும் வழி இருந்தால்தான் கயிறு மறுபக்கம் வரும். ஆர்வோ சத்தமில்லாமல் தலையாட்டிக்கொண்டே தன் உடுப்பை மாட்டத் தொடங்கினார்.

பனியின் ஆழம் அளக்கிற அலுமினியத் தடிகளை ஒன்றோடொன்று திருகி நீளமாக்கினார்கள். நுனியில் சிவப்புக் கயிறு கட்டினார்கள். அபிதா ஒரு வாயாலும் ஆர்வோ மறு வாயாலும் இறங்கினார்கள். இடையில் பாலத்தூண். ஒருவரை ஒருவர் காண முடியாது. அபிதா அத்திவாரத்துக்கு அடியில் தடியைத் தள்ளினாள். ஒரு மரத்தில் முட்டி நின்றது. இழுத்து, சரித்து, மறுபடி தள்ளினாள். மறுபடி முட்டியது. இன்னும் கீழே பணிந்து, குழியின் அடியோடு ஒட்டித் தள்ளியபோது தடி போய்க்கொண்டே இருந்தது. அதன் கடைசித் துண்டு கையில் மிஞ்சியபோது, மறுபக்கத்தில் இருந்து யாரோ மூன்று தரம் இழுத்தார்கள். ஆர்வோ. அவர்கள் பேசி வைத்த அடையாளம் அது.

பிறகு தடியில் ஏதோ ஆட்டம் இருந்தது, கொஞ்சம் சுணங்கிவிட்டது, கயிறு வந்துவிட்டது. அபிதா எங்களுக்குச் சொன்னது அவ்வளவுதான்.

ஐஸின் மேல் சிவப்புக் கயிற்றின் ஒரு நுனியைக் கலோஜெரோ பிடித்தார். தூணுக்கு அந்தப் பக்கம் மறு நுனியை ஆர்வோவின் கூட்டாளி பிடித்தார். இவர் இழுக்க அவருடைய கை போனது, அவர் இழுக்க இவருடைய கை போனது. அம்மையார் வந்து கையுறையைக் கழற்றிவிட்டுக் கயிற்றைத் தானே வாங்கி இழுத்துப் பார்த்தார். பெரிய பாலம், தலைக்கு மேலே நிற்கிறது. அதன் காலுக்குக் கீழால் ஒரு கயிறு தடையில்லாமல் போய்வருகிறது. அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு டெலிபோனை எடுத்தார். மரம் ஏற்றி வந்து காத்துக்கொண்டிருந்த லொறிகள் அன்று திரும்பிப் போயின. அதன்பிறகு அந்தப் பாலத்தில் ஒரு வண்டியும் ஏறவில்லை, ஐஸில் துளைகள் போட்டு, கல் நிரப்பிய பைகளை இறக்கி, தூணின் அடியை நிரப்பி, புது இரும்புக் குற்றிகள் அடித்து முடியும்வரை. கோடை தொடங்கும்போது பாலம் திறந்தது. நிரப்புவதற்கு முன் அபிதா பொருத்திய கருவியால் அளந்து பார்த்ததில் குழியின் ஆழம், ரேஷ்மா தன் கண்ணாடிக் கால்வாயில் இருந்து கணித்ததற்கு மிகக் கிட்ட இருந்தது. அவள் அதைப் பலெர்மோவில் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, அபிதாவை மேடைக்கு அழைத்துப் பக்கத்தில் நிறுத்தி வைத்துத்தான் சொன்னாள். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். பத்மநாதன் கலியாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். அடுத்த நாள் கபோவில் மீன் வாங்க வந்த ஒவ்வொருவருக்கும், தராசில் மீனைப் போடுவதற்கு முன், மகள் பாலத்துக்கு நாடா கோர்த்த கதையைச் சொன்னார். கடைக்காரர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கூடச் சேர்ந்து சொன்னார்.

அத்தோடு அந்தக் கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம்.

போன கோடையில் ஆர்வோ தன் மனைவி, மகளோடு விடுமுறைக்குப் பலெர்மோவுக்கு வந்தார். இராசேஸ்வரி அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். நண்டுக்கறி, இடியப்பம், சொதி. கலோஜெரோவும் வந்தார், ரேஷ்மாவும் வந்தாள். மேசைக்குக் கதிரை போதாமல் என் வீட்டுக் கதிரைகளும் மேலே போயின, அவற்றோடு நானும் போனேன். ஆர்வோ உயர்ந்த, வெளிறிய மனிதர். அதிகம் பேசாதவர். நண்டை உடைக்கத் தெரியாமல் திண்டாடினார். பத்மநாதன் அவருக்கு உடைத்து உடைத்து வைத்தார். சாப்பாடு முடிந்து தேத்தண்ணி வந்தபோது, ஆர்வோ கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, இராசேஸ்வரியைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். இராசேஸ்வரிக்குத் தமிழும் இத்தாலியமும் தெரியும், ஆங்கிலம் வராது. அபிதா மொழிபெயர்த்தாள்.

"தடி வந்ததாம். தான் பிடிச்சவராம்" என்றாள்.

ஆர்வோ பேசிக்கொண்டே போனார். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து ஒன்று தூண், ஒன்று ஐஸ் என்று காட்டினார். பிறகு ஐஸாக இருந்த கையைச் சடாரென்று கீழே சாய்த்தார். மறு கையால் தன் முழங்காலைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தார். அவருடைய உடம்பு கதிரையில் சரிந்தது. முன்னால் இருந்த கரண்டியை இறுகப் பிடித்தார். விரல் மூட்டுகள் வெளுத்தன.

"தண்ணி கொஞ்சம் வேகமா வந்ததாம். தடி ஆடினதாம்" என்றாள் அபிதா.

ஆர்வோவின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இராசேஸ்வரி அந்த மூவரையும் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"அவரின்ரை கை வேறை கதை சொல்லுது. நீ வேறை கதை சொல்லுறாய்."

இராசேஸ்வரி கலோஜெரோவின் பக்கம் திரும்பி, அன்றைக்கு என்ன நடந்தது என்று இத்தாலிய மொழியில் நேரே கேட்டார். கலோஜெரோ அபிதாவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டிருக்கிறாள், நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்றார். இனிச் சத்தியம் எதற்கு என்று ரேஷ்மா சொன்னாள். அவளே தமிழில் சொல்லத் தொடங்கினாள். ஆர்வோ ஆங்கிலத்தில் சொல்வதும் ரேஷ்மா தமிழில் சொல்வதுமாக, நாங்கள் எல்லாவற்றையும் அப்போதுதான் கேட்டோம்.

ஆர்வோ தடியைப் பிடித்து மூன்று தரம் இழுத்த கையோடு, தூணுக்கு மேற்புறம் தொங்கிய பனிக்கூழ் ஒரு பெரிய திரளாகக் கழன்றிருக்கிறது. அது அபிதாவின் பக்கத்து வழியை அடைக்க, ஆறு முழுவதும் ஆர்வோவின் பக்கமாகத் திரும்பி, அத்திவாரத்துக்கு அடியில் இருந்த வெளிக்குள் பாய்ந்திருக்கிறது. ஆர்வோவின் கால்களை அது உள்ளே இழுத்தது. மேலே அவருடைய வடத்தை இழுத்தார்கள், வடம் அத்திவாரத்தின் மூலையில் சிக்கி வரவில்லை. இடுப்புவரை அவர் தூணுக்குக் கீழே போய்விட்டார். அவருடைய கையில் இருந்தது அந்தத் தடி ஒன்றுதான். தடியை நெஞ்சோடு அணைத்து அமத்தினார். அந்தப் பக்கம் அதன் முனையில் அபிதா இருந்தாள். தடி திடீரென்று கனத்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. மேலே வரச் சொல்லிக் கலோஜெரோ கத்தினார். அவள் வரவில்லை. இரண்டு காலையும் கொங்கிரீட்டில் உதைத்துக்கொண்டு, தடி தன் பக்கம் ஒரு சாண்கூட நகராதபடி எதிர்த்துத் தள்ளிப் பிடித்தாள். தலைக்கு மேல் பனிக்கூழ், லாம்பு வெளிச்சமும் இல்லை. தன் பக்கத்து முனையை நெஞ்சில் தாங்கி நின்றாள். ஆர்வோ அந்தத் தடியின் பலத்தில் ஒவ்வொரு பிடியாகப் பின்னுக்கு நகர்ந்து, சிக்கிய வடத்தை விடுவித்தார். ஐஸில் அறுத்த வாய்க்குக் கீழே வந்துசேர்ந்தபிறகு அவர் தன்னுடைய உயிரைப் பற்றி நினைக்கவில்லையாம். தடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளுக்குத் தான் தப்பிவிட்டதை எப்படித் தெரிவிப்பது என்று யோசித்தாராம். கயிற்றை மூன்று தரம் இழுத்தார். அதற்குப் பிறகுதான் அவள் தடியை விட்டாள்.

ரேஷ்மா சொல்லி முடித்தபோது கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். அபிதா தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "அது வேலை அம்மா. ஆராய் இருந்தாலும் செய்திருப்பினம்" என்றாள்.

ஆர்வோ அதற்கு என்ன அர்த்தம் என்று ரேஷ்மாவிடம் கேட்டார். கேட்டுவிட்டு, இல்லை என்பதுபோல் மெதுவாகத் தலையாட்டினார்.

பத்மநாதன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து, முதலாம் மாடியில் இருக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று கதவைத் திறந்துகொண்டு போனார். அபிதா, அப்பா வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் படிகளில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டே போனது.

இராசேஸ்வரி எழுந்து வந்து மகளுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ஆர்வோவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார், அவரும் பழகாத கைகளால் கூப்பினார். பிறகு மகளின் பக்கம் திரும்பினார்.

"அவரை இன்னொருக்காச் சொல்லச் சொல்லு. முதலிலை இருந்து. இந்த முறை நீ ஒண்டும் குறைக்காமல் எனக்குச் சொல்லு."